பரூக் ஸ்பினோசா

பரூக் ஸ்பினோசா (நவம்பர் 24, 1632 – பெப்ரவரி 21, 1677) நெதர்லாந்தில் வாழ்ந்த புகழ்பெற்ற மெய்யியலாளர் ஆவார். போர்த்துகலிலிருந்து வந்து ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய யூதக் குடும்பமொன்றில் பிறந்த இவர், தமது 23ஆம் அகவையில் யூத சமூகத்திலிருந்து விலக்கப்பட்டார். அதன்பின் வேறு எந்தச் சமயத்திலும் சேராமல், கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து மெருகேற்றும் தொழிலைச் செய்தவாறே இறைவன், இயற்கை, மனிதன், அரசு ஆகியன பற்றி ஆராய்ந்து நூல்கள் எழுதினார். அவர் காலத்து ஐரோப்பாவில், ஏதேனுமொரு சமய அமைப்பைச் சேராமல் ஒருவர் வாழ்வது மிக அரிதாக இருந்தது.

இறைவன் என்பதும் இயற்கை என்பதும் ஒரே மெய்ப்பொருளே என்பது இவரது மெய்யியலின் அடிப்படை. மறைநூல்களையும் பிற பழைய நூல்களைப் போலவே மொழி, வரலாறு ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய வேண்டும் என்றும், சமயத்தின் பயனை ஒருவரது நடத்தையைக் கொண்டே அளவிட வேண்டும் என்றும் இவர் கருதினார். அவர் வாழ்ந்த காலத்தில் இறைமறுப்பாளர் எனத் தூற்றப்பட்ட ஸ்பினோசா, பின்னாளில் அறிவொளிக் காலச் சிந்தனைக்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவராக மதிக்கப்படுகிறார்.

குடும்பப் பின்னணி

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் வாழ்ந்த யூதர்கள் நாட்டை விட்டு வெளியேறவோ கிறித்தவத்துக்கு மாறவோ வற்புறுத்தப்பட்டனர். 1492 இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது. 1497 இல் போர்த்துகலில் யூதர்கள் பெருமளவில் கட்டாய மதமாற்றம் செய்யப்பட்டனர். மதம் மாறியவர்களின் வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க சமய விசாரணை மன்றத்தின் கண்காணிப்புக்கு உள்ளாயினர். வெளியே கிறித்தவராகவும் வீட்டுக்குள் மறைவாக யூதராகவும் வாழ்ந்த குடும்பங்கள் பல இருந்தன.

இவர்களுள் பலர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து சேர்ந்தனர். 1579 இல் கையெழுத்தான உட்ரெக்ட் உடன்படிக்கை, சமய நம்பிக்கைக்காக எவரும் விசாரிக்கப்படலாகாது என வகுத்திருந்தது. எனவே இங்கு வந்த யூதர்கள் தம் சமயத்தை மீண்டும் வெளிப்படையாகக் கடைப்பிடிக்க முடிந்தது. ஸ்பினோசாவின் தந்தை மிகேல் போர்த்துகலின் விடிகெய்ரா என்னும் ஊரில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமில் வணிகம் செய்து, யூத சமூகத்தின் நிருவாகப் பொறுப்புகளையும் வகித்தார்.

பெரும் துன்பங்களுக்குப் பின் தம் சமயத்தை மீட்டெடுத்த இச்சமூகத்துக்கு ஒழுங்கும் ஒற்றுமையும் மிகத் தேவையாக இருந்தன. பல தலைமுறைகளாக யூதக் கல்வியிலிருந்து விலகியிருந்தவர்களுக்குச் சமய நெறிகளைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருந்தது. அத்துடன், கிறித்தவ நகர ஆட்சியாளரின் நல்லெண்ணத்தையும் இழக்காதிருக்க வேண்டியிருந்தது. ஸ்பினோசாவுக்கு நேர்ந்ததை விளங்கிக் கொள்வதற்கு இச்சூழலை அறிந்திருப்பது தேவையாகும்.

இளமையும் கல்வியும்

ஸ்பினோசாவின் தாய் ஹன்னா டெபோரா, மகனுக்கு ஆறு வயது நிறையும் முன்பே 1638 இல் காலமானார். ஸ்பினோசா யூத சமூகத்தின் பள்ளியில் எபிரேய மொழியையும் மறைநூலையும் கற்றார். வீட்டில் போர்த்துகீசியமும், இலக்கியத்துக்கு ஸ்பானியமும், தெருவில் டச்சும் பேசப்பட்ட சூழலில் வளர்ந்தார். அண்ணன் ஐசக் 1649 இல் இறந்தபின் தந்தையின் வணிகத்தில் ஈடுபட்டார். 1654 இல் தந்தையும் இறக்கவே, தம்பி கேபிரியலுடன் சேர்ந்து வணிக நிறுவனத்தை நடத்தினார்.

ஸ்பினோசாவின் சிறுவயதில் அச்சமூகத்தை உலுக்கிய நிகழ்வொன்று நடந்தது. போர்த்துகலில் கத்தோலிக்கராகப் பிறந்து, யூதராக வாழ விரும்பி வந்த உரியேல் ட கோஸ்தா என்பவர், மதகுருமார் வகுத்த விதிகளில் பல மறைநூலில் இல்லாதவை என்றும் ஆன்மா அழிவற்றதன்று என்றும் எழுதினார். அவர் சமூகத்திலிருந்து விலக்கப்பட்டார். தனிமையைத் தாங்க இயலாமல் மீண்டும் சேர்ந்தபோது, தொழுகைக்கூடத்தில் அனைவர் முன்னிலையிலும் கசையடி பெற்றார். வாயிலில் கிடத்தப்பட்ட அவரைத் தாண்டிக்கொண்டு மக்கள் வெளியேறினர். 1640 இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அப்போது ஸ்பினோசாவுக்கு வயது ஏழு.

வணிகம் செய்த காலத்தில் ஸ்பினோசாவுக்குச் சமூகத்துக்கு வெளியேயும் நண்பர்கள் கிடைத்தனர். முன்னாள் இயேசு சபையினரான பிரான்சிஸ்கஸ் வான் டென் எண்டன் என்பவரிடம் இவர் இலத்தீன் மொழி கற்றார். அக்காலத்தில் அறிவியலுக்கும் மெய்யியலுக்கும் இலத்தீனே வாயிலாக இருந்தது. பிரெஞ்சு மெய்யியலாளரான டேக்கார்ட்டின் நூல்களை ஸ்பினோசா ஊன்றிப் படித்தார். தெளிவாக அறிந்ததை மட்டுமே உண்மையென ஏற்க வேண்டும் என்னும் அவரது முறை, ஸ்பினோசாவின் சிந்தனையில் ஆழப் பதிந்தது.

சமூக விலக்கு

1656 ஜூலை 27 அன்று, ஆம்ஸ்டர்டாமின் ஹௌட்கிராக்ட் கால்வாய்க்கரையில் இருந்த தொழுகைக்கூடத்தில் ஸ்பினோசாவுக்கு எதிரான விலக்காணை வாசிக்கப்பட்டது. இத்தகைய ஆணை எபிரேயத்தில் ஹேரெம் எனப்படும். வாழ்ந்த வரையில் அவரை எவ்வகையிலும் தொடர்பு கொள்ளலாகாது, அவருடன் ஒரே கூரையின்கீழ் தங்கலாகாது, நான்கு முழத் தொலைவுக்குள் நெருங்கலாகாது, அவர் எழுதிய எதையும் படிக்கலாகாது என அது விதித்தது. அச்சமூகத்தில் விலக்காணைகள் அவ்வப்போது பிறப்பிக்கப்படுவதுண்டு. அவற்றுள் பெரும்பாலானவை சில நாட்கள் முதல் சில மாதங்கள் வரை நீடித்து, தண்டத்தொகையோடு முடிந்துவிடும். ஸ்பினோசாவுக்கு விதிக்கப்பட்ட ஆணையோ மிகக் கடுமையான சாபமொழிகளைக் கொண்டிருந்தது. அது ஒருபோதும் நீக்கப்படவில்லை.

ஆணையில் அவரது தீய கருத்துகளும் செயல்களும் பொதுவாகச் சுட்டப்பட்டனவேயன்றி, அவை எவை என விளக்கப்படவில்லை. ஸ்பினோசா அதுவரை எந்த நூலையும் வெளியிட்டிருக்கவுமில்லை. எனினும், 1659 இல் ஸ்பெயினின் சமய விசாரணை மன்றத்திடம் ஒரு துறவி அளித்த வாக்குமூலம் இதற்கு ஓரளவு விடை தருகிறது. ஆம்ஸ்டர்டாமில் தாம் சந்தித்த ஸ்பினோசாவும் அவருடைய நண்பர் ஒருவரும், உடலோடு ஆன்மாவும் அழியும் என்றும், மோசேயின் சட்டம் உண்மையானதன்று என்றும், கடவுள் மெய்யியல் பொருளில் மட்டுமே உண்டு என்றும் கருதியதால் விலக்கப்பட்டனர் என அத்துறவி தெரிவித்திருந்தார்.

வேறொரு காரணமும் ஆய்வாளர்களால் சுட்டப்படுகிறது. தந்தை விட்டுச்சென்ற கடன்களிலிருந்து விடுபடுவதற்காக, 1656 மார்ச்சில் ஸ்பினோசா சமூகத்தின் அமைப்புகளை நாடாமல் நகரத்தின் நீதியமைப்பை நாடினார். அக்காலச் சட்டப்படி 25 வயது நிறையாதவர் உரிய வயதை எட்டாதவராகவே கருதப்பட்டமையால், அவருக்குக் காப்பாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். இதுவும் சமூகத் தலைவர்களின் சினத்தைக் கூட்டியிருக்கலாம்.

விலக்கு என்பது சடங்குகளில் பங்கேற்கும் உரிமையை இழப்பது மட்டுமன்று. தொழில், உறவு, நட்பு ஆகிய அனைத்தும் அதனால் அறுந்தன. தம்பியுடன் நடத்திய வணிகத்தை ஸ்பினோசாவால் தொடர முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுத் திரும்பும் வழியை அவர் நாடவுமில்லை. தம் நிலையை விளக்கி ஸ்பானிய மொழியில் ஒரு மறுப்புரை எழுதியதாகக் கூறப்படினும், அது கிடைக்கவில்லை.

சமயச் சார்பற்ற வாழ்க்கை

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிறப்பு, திருமணம், இறப்பு, ஏழ்மைக்கால உதவி ஆகிய யாவும் சமய அமைப்புகளின் வழியாகவே நடைபெற்றன. ஒரு சமயத்திலிருந்து வெளியேறுபவர் மற்றொன்றில் சேர்வதே வழக்கம். யூத சமயத்திலிருந்து கிறித்தவத்துக்கு மாறியிருந்தால் ஸ்பினோசாவுக்குப் பாதுகாப்பும் பதவியும் கிடைத்திருக்கக்கூடும். அவர் அவ்வாறு செய்யவில்லை. எபிரேயத்தில் பேறு பெற்றவர் எனப் பொருள்படும் பரூக் என்னும் பெயருக்கு மாற்றாக, அதே பொருள் தரும் பெனடிக்டஸ் என்னும் இலத்தீன் பெயரைப் பயன்படுத்தினார். அது மதமாற்றத்தால் வந்த பெயரன்று.

இக்காலத்தில் அவருக்குத் துணைநின்றவர்கள், திருச்சபைக் கட்டுப்பாட்டை விரும்பாத கிறித்தவர்களே. யாரிக் யெல்லஸ், பீட்டர் பாலிங், சிமோன் டி வ்ரீஸ், பதிப்பாளர் யான் ரியூவெர்ட்ஸ் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்களுள் சிலர் கொலீஜியண்டுகள் என்னும் குழுவினருடன் தொடர்புடையவர்கள். போதகர் இல்லாமல், எவரும் எழுந்து பேசலாம் என்ற முறையில் கூடி மறைநூலைப் படிப்பது இக்குழுவினரின் வழக்கம். ஸ்பினோசா இவர்களோடு நெருங்கிப் பழகினாரேனும் அவர்களது சமயத்தில் இணையவில்லை.

ஸ்பினோசா மிக எளிமையாக வாழ்ந்தார். தொலைநோக்கிகளுக்கும் நுண்ணோக்கிகளுக்குமான வில்லைகளைத் தேய்த்து மெருகேற்றுவதில் தேர்ச்சி பெற்றார். அவரது வில்லைகளின் தரத்தை, சனிக் கோளின் வளையங்களை விளக்கிய அறிவியலாளர் கிறித்தியான் ஹைகன்ஸ் பாராட்டியுள்ளார். சிமோன் டி வ்ரீஸ் அளிக்க முன்வந்த 2000 கில்டர் பணத்தை ஸ்பினோசா ஏற்கவில்லை என்றும், அவர் இறந்தபின் ஆண்டுதோறும் தருவதாகச் சொல்லப்பட்ட 500 கில்டரை 300 ஆகக் குறைத்தே பெற்றுக்கொண்டார் என்றும் 1705 இல் வெளியான வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

ரைன்ஸ்பர்க், வோர்பர்க்

1661 அளவில் ஸ்பினோசா, லைடன் நகருக்கு அருகிலுள்ள ரைன்ஸ்பர்க் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டில் ஹென்றி ஓல்டன்பர்க் அங்கு வந்து அவரைச் சந்தித்தார். பின்னர் இலண்டன் அரச கழகத்தின் செயலாளரான ஓல்டன்பர்க், பல ஆண்டுகள் அவருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். ஸ்பினோசா தங்கியிருந்த ரைன்ஸ்பர்க் வீடு பின்னாளில் அருங்காட்சியகமாக்கப்பட்டது.

1663 இல் ஹேக் நகருக்கு அருகிலுள்ள வோர்பர்க்கில் குடியேறினார். டேக்கார்ட்டின் மெய்யியலை விளக்கும் நூல் அதே ஆண்டில் வெளிவந்தது. ஸ்பினோசாவின் வாழ்நாளில் அவர் பெயர் தாங்கி வெளியான ஒரே நூல் இதுவாகும்.

வோர்பர்க்கில் அறவியல் என்னும் தமது முதன்மை நூலை எழுதிக்கொண்டிருந்த ஸ்பினோசா, 1665 இல் அதை இடைநிறுத்திவிட்டு மறைநூல் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். இதற்கான மூன்று காரணங்களை ஓல்டன்பர்க்குக்கு எழுதிய கடிதத்தில் விளக்கியுள்ளார். சமயவாதிகளின் தப்பெண்ணங்கள் மக்களைச் சிந்திக்கவிடாமல் தடுப்பது ஒன்று. தம்மை இறைமறுப்பாளர் எனப் பொதுமக்கள் குற்றஞ்சாட்டுவது மற்றொன்று. நினைப்பதைச் சொல்லும் உரிமைக்குப் போதகர்களால் நேர்ந்துள்ள இடர் மூன்றாவது.

இறையியல்-அரசியல் ஆய்வு

இந்நூல் 1670 இல் இலத்தீன் மொழியில் ஆசிரியர் பெயரின்றி வெளியானது. ஆம்ஸ்டர்டாமில் அச்சிடப்பட்டபோதிலும், ஹம்பர்க் நகரில் இல்லாத ஒரு பதிப்பாளரின் பெயர் முகப்பில் போடப்பட்டது. இம்முன்னெச்சரிக்கைக்குத் தக்க காரணம் இருந்தது. ஸ்பினோசாவின் நண்பரான அட்ரியான் கூர்பாக், சமயக் கோட்பாடுகளை மறுத்துப் பொதுமக்கள் மொழியான டச்சில் 1668 இல் நூல் வெளியிட்டார். அதற்காகப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்று 1669 இல் சிறைவைக்கப்பட்ட நிலையில் இறந்தார். இறையியல்-அரசியல் ஆய்வின் டச்சு மொழிபெயர்ப்பு வெளிவரப்போவதை 1671 இல் அறிந்த ஸ்பினோசா, அதைத் தடுக்குமாறு யெல்லஸைக் கேட்டுக்கொண்டார்.

அச்சமும் மூடநம்பிக்கையும்

மூடநம்பிக்கைக்கு மூலம் அச்சமே என நூலின் முன்னுரை கூறுகிறது. எல்லாம் நன்றாக நடக்கும்போது எவருடைய அறிவுரையையும் கேளாதவர்கள், இடர் வந்தவுடன் எவர் சொல்வதையும் நம்பத் தலைப்படுகின்றனர். இதற்கு அலெக்சாந்தரை ஸ்பினோசா எடுத்துக்காட்டுகிறார். வெற்றி பெற்றுவந்த காலத்தில் குறிசொல்வோரைப் பொருட்படுத்தாத அம்மன்னர், நிலைமை மாறியபோது அவர்களை நாடினார். அச்சத்தில் பிறந்த நம்பிக்கை நிலையற்றது. அதை நிலைநிறுத்த ஆடம்பரச் சடங்குகளும் கட்டுப்பாடும் தேவைப்படுகின்றன. அத்தகைய நம்பிக்கை ஆட்சியாளரின் கையில் கருவியாகும்போது, மக்கள் தம் அடிமைத்தனத்துக்காகவே போரிடும் நிலை உண்டாகிறது என்பது ஸ்பினோசாவின் கருத்து.

மறைநூலை வாசிக்கும் முறை

மறைநூலை அதன் உள்ளிருந்தே விளங்கிக் கொள்ள வேண்டும் என்கிறார் ஸ்பினோசா. முதலில் அது எழுதப்பட்ட மொழியை அறிய வேண்டும். அடுத்து, ஒவ்வொரு பொருள் பற்றியும் அதில் காணப்படும் கூற்றுகளைத் தொகுத்து ஒப்பிட வேண்டும். பின்பு ஒவ்வொரு நூலையும் யார், எப்போது, யாருக்காக எழுதினார், அது எவ்வாறு நம் காலம்வரை வந்து சேர்ந்தது என ஆராய வேண்டும். ஒரு கூற்றின் பொருள் என்ன என்பதும் அது உண்மையா என்பதும் இருவேறு கேள்விகள் என அவர் வலியுறுத்தினார். தமக்குப் பிடித்த கருத்தை நூலில் ஏற்றிச் சொல்வதையும் அவர் கண்டித்தார்.

இம்முறையைப் பின்பற்றிய ஸ்பினோசா, விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களை மோசே எழுதியிருக்க முடியாது என முடிவுசெய்தார். மோசேயின் இறப்பும், அவருக்குப் பிற்பட்ட இடப்பெயர்களும் அவற்றில் இடம்பெறுவதைச் சான்றாகக் காட்டினார். 12ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் இபின் எஸ்ரா இது பற்றி முன்னரே குறிப்பாக எழுதியிருந்தார். பல காலத்து ஏடுகளை எஸ்ரா என்னும் குரு தொகுத்திருக்கலாம் என்பது ஸ்பினோசாவின் கருத்து. இறைவாக்கினர்கள் நல்லொழுக்கமும் வலிய கற்பனை ஆற்றலும் உடையவர்களே தவிர, இயற்கை பற்றிய அறிவில் மற்றவரை விஞ்சியவர்கள் அல்லர் என்றும், இயற்கை விதிகளுக்கு மாறான அற்புதம் எதுவும் நிகழ்வதில்லை என்றும் அவர் எழுதினார்.

சமயத்தின் சாரம்

மறைநூலை இவ்வாறு ஆராய்ந்தபோதிலும் ஸ்பினோசா அதைப் பயனற்றதென ஒதுக்கவில்லை. நீதியைக் கடைப்பிடித்தல், பிறரிடம் அன்பு செலுத்தல் ஆகிய இரண்டுமே அதன் சாரம் என அவர் கண்டார். எந்தப் பகுதி சிதைந்திருந்தாலும், எந்தச் சொல் ஐயத்துக்குரியதாயினும், இச்செய்தி தெளிவாகவே இருக்கிறது. எனவே ஒருவரது நம்பிக்கை சரியானதா என்பதை அவர் ஏற்கும் கோட்பாடுகளைக் கொண்டு முடிவுசெய்யக் கூடாது, செயல்களைக் கொண்டே அறிய வேண்டும். கடவுளை நெருப்பு என்றோ, ஒளி என்றோ, எண்ணம் என்றோ ஒருவர் எவ்வாறு கருதினாலும், அக்கருத்து அவரை நேர்மைக்கும் அன்புக்கும் இட்டுச்செல்லுமாயின் அதுவே போதுமானது.

மெய்யியலின் நோக்கம் உண்மையை அறிதல், சமய நம்பிக்கையின் நோக்கம் நன்னெறியில் ஒழுகுதல் என அவர் இரண்டையும் பிரித்தார். ஒன்று மற்றொன்றுக்குப் பணிப்பெண்ணாக இருக்கத் தேவையில்லை. சடங்குகள் ஒரு மக்கட்குழுவின் பொதுவாழ்வை ஒழுங்குபடுத்த உதவலாம். ஆனால் அவற்றால் மட்டும் எவரும் பேறடைவதில்லை என்பதும் அவரது முடிபாகும்.

சிந்தனை உரிமை

தனக்கெனச் சிந்திக்கும் உரிமையை ஒருவர் விரும்பினாலும் பிறருக்குக் கையளித்துவிட முடியாது என நூலின் இறுதி இயல் வாதிடுகிறது. நாவைக் கட்டுப்படுத்த முயலும் அரசு, மக்கள் ஒன்றை நினைத்து வேறொன்றைப் பேசும் நிலையை உண்டாக்கும். அதனால் நேர்மை அழியும். பொதுச் சமய நடைமுறைகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் திருச்சபைக்கு அன்றி அரசுக்கே உரியது என அவர் கருதினார். ஆனால் உள்ளத்திலுள்ள இறைப்பற்று ஒவ்வொருவருக்கும் தனியே உரியது. அரசை அழிக்கத் தூண்டும் பேச்சுக்கு மட்டுமே இவ்வுரிமையில் அவர் வரம்பு விதித்தார்.

எதிர்ப்பும் ஹேக் நகர வாழ்க்கையும்

நூலை எழுதியவர் யார் என்பது விரைவில் வெளிப்பட்டது. திருச்சபை மன்றங்கள் பலவும் அதனைக் கண்டித்தன. 1674 ஜூலையில் ஒல்லாந்து மாகாணத்தில் இந்நூல் தடைசெய்யப்பட்டது. ஆங்கில மெய்யியலாளர் ஹாப்ஸின் லெவியதான் நூலும் அதே ஆணையால் தடைசெய்யப்பட்டது.

இதற்கிடையில் ஸ்பினோசா ஹேக் நகரில் குடியேறியிருந்தார். 1671 முதல் ஹெண்ட்ரிக் வான் டெர் ஸ்பைக் என்னும் ஓவியரின் வீட்டில் வாடகைக்குத் தங்கினார். 1672 இல் பிரான்சு நெதர்லாந்தின் மீது படையெடுத்தது. தோல்விக்குப் பொறுப்பாளிகள் எனக் கருதப்பட்ட யோகன் டி விட், கொர்னேலிஸ் டி விட் ஆகிய சகோதரர்கள் ஆகஸ்டு 20 அன்று ஹேக் நகரில் வெறிகொண்ட கூட்டத்தால் கொல்லப்பட்டனர். சமய விடயங்களில் ஒப்பீட்டளவில் தாராளமான ஆட்சியை நடத்தியவர் யோகன் டி விட். எப்போதும் அமைதி காத்த ஸ்பினோசா, அன்றிரவு கொலைகாரர்களைக் கண்டிக்கும் அறிவிப்பொன்றை அவ்விடத்தில் ஒட்டப் புறப்பட்டார். அவரும் கொல்லப்படக்கூடும் என அஞ்சிய வீட்டுக்காரர் கதவைப் பூட்டித் தடுத்தார். இச்செய்தியை ஸ்பினோசாவிடமிருந்தே கேட்டறிந்து பதிவுசெய்தவர் செருமானிய அறிஞர் லைப்னிட்ஸ் ஆவார்.

ஹைடல்பர்க் அழைப்பு

1673 இல் செருமனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியர் பதவியை ஏற்குமாறு ஸ்பினோசாவுக்கு அழைப்பு வந்தது. அந்நாட்டு ஆட்சியாளர் கார்ல் லுட்விக்கின் சார்பில் பேராசிரியர் பாப்ரிட்டியஸ் அக்கடிதத்தை எழுதியிருந்தார். சிந்திக்கும் உரிமை முழுமையாக வழங்கப்படும் என்றும், நிறுவப்பட்ட பொதுச் சமயத்துக்கு ஊறு விளைவிக்க அவ்வுரிமையைப் பயன்படுத்தமாட்டார் என நம்புவதாகவும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது.

சில வாரங்கள் எண்ணிப் பார்த்தபின் ஸ்பினோசா பணிவுடன் மறுத்துவிட்டார். கற்பித்தலில் ஈடுபட்டால் ஆய்வுக்கு நேரமிராது என்பது அவர் கூறிய முதற் காரணம். சமயத்துக்கு ஊறு விளைவிப்பதாகத் தோன்றாமல் இருக்க அவ்வுரிமையை எந்த எல்லைக்குள் நிறுத்த வேண்டும் என்பது தமக்குத் தெரியவில்லை என்பது இரண்டாவது காரணம். நிலையான ஊதியமும் மதிப்பும் தரும் பதவியை விட, தனிமையில் பெற்ற உரிமையே அவருக்குப் பெரிதாக இருந்தது.

அறவியல்: இறைவனும் இயற்கையும்

ஏறத்தாழ 1675 இல் நிறைவுற்ற அறவியல் ஐந்து பகுதிகளைக் கொண்டது. வரையறைகள், அடிகோள்கள், தேற்றங்கள், நிறுவல்கள் என வடிவியல் நூலைப் போன்று இது அமைந்துள்ளது. இருப்பது ஒரே மெய்ப்பொருள். அதுவே இறைவன், அதுவே இயற்கை. மனிதர் உட்பட அனைத்தும் அதன் வெளிப்பாடுகள். உலகுக்கு வெளியே அமர்ந்து பரிசும் தண்டனையும் வழங்கும் அரசனைப் போன்ற கடவுள் இதில் இல்லை.

மனிதர் தம் செயல்களுக்கு நோக்கம் இருப்பதுபோல் இயற்கைக்கும் நோக்கம் உண்டு எனக் கற்பித்துக் கொள்கின்றனர் என்பது ஸ்பினோசாவின் விளக்கம். கூரையிலிருந்து விழும் கல்லால் ஒருவர் இறந்தால், அது இறைவனின் விருப்பம் என்பார்கள். காற்று வீசியது, அவர் அவ்வழியே சென்றார் எனக் கூறினாலும், காற்று ஏன் வீசியது, அவர் ஏன் அப்போது சென்றார் எனக் கேட்டுக்கொண்டே போய், இறுதியில் அறியாமையிலேயே அடைக்கலம் புகுவார்கள் என அவர் எழுதினார்.

அறவியலின் இறுதிப் பகுதி விடுதலை பற்றியது. சினம், பொறாமை, அச்சம் முதலிய உணர்ச்சிகளின் காரணங்களை விளங்கிக் கொள்ளும் அளவுக்கு அவற்றின் பிடியிலிருந்து மனிதர் விடுபடுகின்றனர். அனைத்தையும் இறைவனோடு தொடர்புபடுத்தி அறிவதால் தோன்றும் மகிழ்ச்சியை, அறிவுவழி இறையன்பு என ஸ்பினோசா குறித்தார். இறைவனை இவ்வாறு நேசிப்பவர், இறைவன் பதிலுக்குத் தம்மை நேசிக்க வேண்டும் என எதிர்பார்ப்பதில்லை. நல்வாழ்வு என்பது நன்னெறிக்குக் கிடைக்கும் கூலியன்று, நன்னெறியிலேயே அது அடங்கியுள்ளது என்பதே நூலின் முடிவாகும்.

பிறர் நம்பிக்கைகள் தொடர்பான அணுகுமுறை

ஸ்பினோசா இறந்தபின் அவர் வாழ்ந்த தெருவுக்கு அருகில் லூத்தரன் போதகராக இருந்த கொலேரஸ், வீட்டுக்காரர்களிடம் கேட்டறிந்து அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஸ்பினோசாவின் கருத்துகளைக் கடுமையாக வெறுத்தவர் இவர். ஆயினும் ஸ்பினோசாவின் அடக்கத்தையும் இனிய பழக்கத்தையும் மறைக்காமல் பதிவுசெய்துள்ளார்.

வீட்டுக்காரரின் மனைவி, தாம் பின்பற்றும் சமயத்தால் தமக்கு மீட்பு கிடைக்குமா என ஒருமுறை ஸ்பினோசாவிடம் கேட்டார். அச்சமயம் நல்லதே என்றும், அமைதியும் இறைப்பற்றும் கொண்டு வாழ்ந்தால் வேறொன்றைத் தேட வேண்டியதில்லை என்றும் ஸ்பினோசா விடையளித்தார். தேவாலயத்திலிருந்து திரும்பும் குடும்பத்தினரிடம் அன்றைய மறையுரையில் என்ன கற்றீர்கள் என அவர் கேட்பதுண்டு. கொலேரஸுக்கு முன்பிருந்த போதகரின் உரைகளை அவர் புகழ்ந்ததுடன், சில வேளைகளில் தாமே சென்று கேட்டதும் உண்டு.

தம்மை மதம் மாற்ற முயன்றவரிடம் ஸ்பினோசா வேறுவகையில் நடந்துகொண்டார். அவருக்குப் பழக்கமான ஆல்பர்ட் பர்க் என்னும் இளைஞர், இத்தாலியில் கத்தோலிக்கராகி, ஸ்பினோசாவும் மனந்திரும்ப வேண்டுமென அச்சுறுத்தும் தொனியில் 1675 இல் கடிதம் எழுதினார். அதற்கு அளித்த மறுமொழியில், ஒவ்வொரு சமயத்திலும் நேர்மையானவர்கள் உள்ளனர் என்றும், நீதியும் அன்புமே உண்மையான சமயத்தின் அடையாளம் என்றும், நரக அச்சத்தால் பிறந்த நம்பிக்கை மூடநம்பிக்கையே என்றும் ஸ்பினோசா கண்டிப்புடன் எழுதினார். நம்பிக்கையால் ஆறுதல் பெறுவோரை அவர் குலைக்கவில்லை. அச்சத்தால் பிறரைப் பணியவைக்க முயல்வதையே எதிர்த்தார்.

இறப்பு

ஸ்பினோசா நீண்ட காலமாக நுரையீரல் நோயால் வருந்தினார். கண்ணாடித் தூள் அந்நோயை மிகுதியாக்கியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. 1677 பெப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர்கள் தேவாலயம் சென்றிருந்த நேரத்தில், 44ஆம் அகவையில் காலமானார். எச்சமயத்திலும் சேராத அவரது உடல் ஹேக் நகரின் புதிய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவரது கையெழுத்துப்படிகள் இருந்த மேசை, அவர் கேட்டுக்கொண்டபடி ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பப்பட்டது. 1675 இல் அறவியலை அச்சிட முயன்ற ஸ்பினோசா, எதிர்ப்பு கிளம்பியதால் அதை ஒத்திவைத்திருந்தார். நண்பர்கள் அதனைப் பிற எழுத்துகளுடன் சேர்த்து 1677 இன் இறுதியில் இலத்தீனிலும் டச்சிலும் வெளியிட்டனர். முகப்பில் ஆசிரியரின் பெயரெழுத்துகள் மட்டுமே இருந்தன. அடுத்த ஆண்டிலேயே ஒல்லாந்தில் இத்தொகுப்புக்குத் தடை விதிக்கப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபையும் அவரது நூல்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. சமய விசாரணைக்காக 1677 இல் உரோமையில் ஒப்படைக்கப்பட்ட அறவியலின் கையெழுத்துப்படி ஒன்று, வத்திக்கான் நூலகத்தில் 2010 இல் கண்டறியப்பட்டது. தடைசெய்யும் நோக்கத்தோடு எடுத்துச்செல்லப்பட்ட படியே இன்று எஞ்சியுள்ள ஒரே கையெழுத்துப்படி என்பது குறிப்பிடத்தக்கது.

திறனாய்வு

ஸ்பினோசாவின் கருத்துகள் பல திசைகளிலிருந்தும் விமர்சிக்கப்பட்டுள்ளன. வேண்டுதலைக் கேட்காத, மன்னிக்காத ஒன்றை இறைவன் என்பது சொல்விளையாட்டே எனச் சமயவாதிகள் வாதிட்டனர். யூத சமயத்தை அவர் கிறித்தவத்தினும் கடுமையாக மதிப்பிட்டார் எனப் பின்னாளைய யூத அறிஞர்கள் சிலர் குறைகூறினர். சமய நடைமுறைகள் மீது அரசுக்கு அவர் அளித்த அதிகாரம், சிறுபான்மையினருக்கு இடராகலாம் என்பாரும் உளர். முற்றுப்பெறாத அரசியல் ஆய்வில் பெண்களை ஆட்சியுரிமையிலிருந்து விலக்கியமை, உரிமை பற்றிய அவரது பொதுக் கருத்துக்கு முரணானதாகக் கருதப்படுகிறது.

பிற்காலத் தாக்கம்

ஒரு நூற்றாண்டுக் காலம் ஸ்பினோசாவைப் பின்பற்றுபவர் எனக் கூறுவதே பெரும் பழியாக இருந்தது. 1780களில், மறைந்த எழுத்தாளர் லெஸ்ஸிங் ஸ்பினோசாவின் கருத்துடையவராக இருந்தார் என யகோபி வெளிப்படுத்தியதால் செருமனியில் பெரும் விவாதம் எழுந்தது. அதன்பின் கேத்தே முதலிய எழுத்தாளர்கள் ஸ்பினோசாவை ஆர்வத்துடன் கற்றனர். விவிலியத்தை வரலாற்று முறையில் ஆராயும் துறைக்கு அவர் முன்னோடியாக மதிக்கப்படுகிறார். கடவுளை நம்புகிறீர்களா என 1929 இல் கேட்கப்பட்டபோது, அறிவியலாளர் ஐன்ஸ்டைன் தாம் ஸ்பினோசாவின் கடவுளை நம்புவதாகத் தெரிவித்தார்.

1950களில் இசுரேலின் முதல் தலைமை அமைச்சர் டேவிட் பென் குரியன், ஸ்பினோசாவின் படைப்புகளை யூதப் பண்பாடு மீண்டும் ஏற்க வேண்டும் என வலியுறுத்தினார். 2015 இல் ஆம்ஸ்டர்டாமில் விலக்காணையை மீளாய்வது பற்றிய கருத்தரங்கு நடைபெற்றது. எனினும் ஆணை நீக்கப்படவில்லை. ஸ்பினோசா வாழ்ந்த காலத்தில் அதை நீக்குமாறு கேட்டதுமில்லை.

முக்கிய நூல்கள்

டேக்கார்ட்டின் மெய்யியல் கொள்கைகள் (1663)
இறையியல்-அரசியல் ஆய்வு (1670)
அறவியல் (1677, இறப்புக்குப் பின்)
அரசியல் ஆய்வு (1677, முற்றுப்பெறாதது)
அறிவைச் செம்மையாக்கல் பற்றிய ஆய்வு (1677, முற்றுப்பெறாதது)
எபிரேய மொழி இலக்கணம் (1677, முற்றுப்பெறாதது)